வழியில் முடிந்த பருவம்
கனடாவின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணி ஒன்றும் தமிழ்க் கையறுநிலை மரபும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழா உரையின் எழுத்து வடிவம்)



முன்னுரை

ஓசூரும் கிருஷ்ணகிரியும் சாலைகளால் வளர்ந்த ஊர்கள். வடக்கே சீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூர் வழியாகத்தான் தமிழகத்துள் நுழைகிறது. கிருஷ்ணகிரியில் அதிலிருந்து சென்னைச் சாலை பிரிகிறது. 1980இல் அசோக் லேலண்டு நிறுவனம் இங்குத் தொடங்கிய தொழிற்சாலை, லாரி கடந்து போகும் ஊரை லாரி பிறக்கும் ஊராகவும் ஆக்கிற்று. கூண்டு கட்டப்பெறாத வெறும் சேசிஸின் மீது, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, எதிர்காற்றை முகத்தில் வாங்கியவாறு நெடுந்தொலைவு ஓட்டிச் செல்லும் ஓட்டுநர் இவ்வூரார் கண்டு பழகிய உருவம்.

இப்பகுதிக் கவிதைகளில் மலை உண்டு. மாந்தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும் ரோசாத் தோட்டமும் உண்டு. ஆலைச் சங்கும் இரவுப் பணியும் உண்டு. லாரி ஓட்டுநர் மட்டும் அருகியே வருகிறார். வரும்போதும் பெரும்பாலும் விபத்துச் செய்தியின் கடைசி வரியாக, ‘ஓட்டுநர் கைது செய்யப்பட்டார்’ என்னும் அளவில் நின்றுவிடுகிறார். இறந்தவரைப் பாடும் கையறுநிலை தமிழில் ஈராயிரம் ஆண்டுத் துறை. இறப்புக்குக் காரணமாகிவிட்டு, உயிரோடு எஞ்சி நிற்பவனை அத்துறை எங்கே வைக்கும்? இவ்வுரை எழுப்ப விழையும் வினா இதுவே. அதற்கு எடுத்துக்கொண்ட நிகழ்ச்சி தொலைவானது: கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில், 2017-18ஆம் ஆண்டு இளையோர் ஐஸ் ஹாக்கிப் பருவம். பனிக்கட்டித் தரையில் ஆடும் ஓர் ஆட்டத்துக்கும் வெயில் காயும் இம்மண்ணுக்கும் உறவு ஏது என்று தோன்றலாம். அப்பருவம் களத்தில் முடியவில்லை, நெடுஞ்சாலையில் ஒரு லாரியின் முன் முடிந்தது என்பதே அவ்வுறவு.

பனியும் பருவமும்

சஸ்காச்சுவான் பரப்பில் தமிழ்நாட்டைப்போல் ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 11 இலட்சமே. கண்ணுக்கு எட்டிய மட்டும் கோதுமை வயல்கள். ஊருக்கும் ஊருக்கும் இடையே மணிக்கணக்கான சாலை. ஆறு திங்கள் குளிர். அக்குளிரில் ஊர் கூடும் இடம் ஆட்ட அரங்கம்தான். இங்கே கோயில் திருவிழாவும் தெருக்கூத்தும் ஊரைக் கூட்டுவதுபோல் அங்கே ஐஸ் ஹாக்கி கூட்டுகிறது. காலில் எஃகு அலகு பொருத்திய காலணி, கையில் வளைகோல், பந்துக்கு மாறாகத் தட்டையான இரப்பர் வட்டு. களத்தில் ஓர் அணிக்கு இலக்குக் காவலர் உட்பட அறுவர்.

அம்மாநில இளையோர் ஹாக்கிக் கூட்டமைப்பில் அன்று 12 அணிகள் இருந்தன. அவற்றுள் பிளின் பிளான் என்னும் ஊர் ஓசூரைப் போன்றே எல்லையூர். பெரும்பகுதி மானிடோபாவிலும் சிறுபகுதி சஸ்காச்சுவானிலும் கிடக்கிறது. ஆடுவோர் 16 வயது தொடங்கி 20, 21 வயது வரையினர். செப்டம்பரில் தொடங்கும் ஆட்டங்கள் மார்ச்சு வரை நீளும். அதன்பின் வெற்றி அணிகளிடையே தொடர்போட்டி; ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும்.

ஹம்போல்ட் என்பது அம்மாநிலத்தில் 6,000 பேருக்கும் குறைவானவர் வாழும் ஊர். அதன் ‘பிராங்கோஸ்’ அணி 1970இல் தோன்றியது. தனியொரு முதலாளிக்குரியதன்று, ஊர்மக்களே நடத்துவது. 2003, 2008 ஆகிய ஆண்டுகளில் நாட்டளவில் இளையோர் வாகையர் பட்டம் வென்றது. ஆட்டக்காரர் பலர் வேற்றூர்ப் பிள்ளைகள். அவர்களுக்கு விடுதி கிடையாது. ஊரிலுள்ள குடும்பங்களே ஆளுக்கொருவராக, இருவராக ஏற்றுப் பருவம் முழுதும் தம் வீட்டில் வைத்துச் சோறிடும். ஆகவே ஒவ்வோர் இளைஞனுக்கும் பெற்ற தாய் ஒருத்தி, பருவத்துத் தாய் ஒருத்தி என இரு தாயர் அமைந்தனர். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பயிற்சித் தொழிலாளராக வந்து, ஓசூர்த் தெருக்களில் நால்வருக்கோர் அறையெடுத்து வாழும் பிள்ளைகளையும், அவர்களுக்குக் குழம்பு கொடுத்தனுப்பும் வீட்டுக்காரம்மாக்களையும் அறிந்தவர்க்கு இவ்வேற்பாட்டை விளக்க வேண்டுவதில்லை.

2018 ஏப்ரல் 6

அப்பருவத்தில் ஹம்போல்ட் அணி அரையிறுதிச் சுற்றை எட்டியது. எதிரணி நிப்பாவின் ஊரின் ‘ஹாக்ஸ்’. நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது நிப்பாவின் மூன்றும் ஹம்போல்ட் ஒன்றும் வென்றிருந்தன. ஏப்ரல் 4ஆம் நாள் நடந்த நான்காம் ஆட்டம் மும்முறை கூடுதல் நேரம் நீண்டே ஹம்போல்டின் கையைவிட்டுப் போயிற்று. இன்னும் ஒன்று தோற்றால் பருவம் முடிந்தது, வென்றால் நீளும். அந்த ஐந்தாம் ஆட்டத்துக்காக ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை மாலை அணியின் பேருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டது. உள்ளே 29 பேர்.

டிஸ்டேல் ஊருக்கு வடக்கே 35ஆம் எண் நெடுஞ்சாலையை 335ஆம் எண் சாலை குறுக்கே வெட்டுகிறது. பேருந்து வந்த சாலைக்கே முன்னுரிமை. குறுக்குச் சாலையில் வருவோர் நின்று பார்த்தே கடக்க வேண்டும். மாலை ஐந்து மணியளவில், இரு இழுவைப் பெட்டிகளில் மட்கிய பாசி மூட்டைகளை ஏற்றிய லாரி ஒன்று அங்கு நில்லாமல் வந்தது. பேருந்து ஓட்டுநர் தடையை அழுத்தியும் பயனின்றிப் பேருந்து லாரியின்மேல் மோதியது.

பதினாறு பேர் இறந்தனர். பதின்மூவர் காயத்தோடு பிழைத்தனர். இறந்தோருள் ஆட்டக்காரர் பதின்மர். அவருள் இளையவருக்கு வயது 16. தலைமைப் பயிற்றுநர் டார்சி ஹாகன், துணைப் பயிற்றுநர், உடற்பயிற்சி மருத்துவம் பார்த்த இளம்பெண், வானொலியில் ஆட்டத்தை வருணிப்பவர், புள்ளிவிவரம் குறிக்கும் 18 வயது இளைஞர், பேருந்து ஓட்டுநர் ஆகியோர் ஏனைய அறுவர்.

இரு வீடுகள்

தொடர்போட்டி தொடங்குமுன் அவ்வணி இளைஞர்கள் பலர் ஒற்றுமைக்கு அடையாளமாகத் தம் தலைமுடியைப் பொன்னிறமாக மாற்றியிருந்தனர். விளையாட்டாகச் செய்த அச்செயல் விபத்துக்குப்பின் வேறு பொருள் கொண்டது. ஒத்த வயது, ஒத்த உடல்வாகு, ஒத்த முடிநிறம், முகமெங்கும் காயம். மருத்துவமனையில் ஒருவரை மற்றொருவராகப் பிழைபடக் கொண்டனர். மகன் பிழைத்தான் எனப் படுக்கையருகே அமர்ந்திருந்த பெற்றோர் இருவர். மகன் இறந்தான் எனத் துயருள் ஆழ்ந்திருந்த பெற்றோர் வேறிருவர். ஏப்ரல் 9ஆம் நாள் உண்மை வெளிப்பட்டது. இறந்தவனாகக் கருதப்பட்டவன் படுக்கையில் இருந்தான். பிழைத்தவனாகக் கருதப்பட்டவன் இறந்திருந்தான்.

பக்குடுக்கை நன்கணியாரின் புறநானூற்றுப் பாடல் (194) ஓர் இல்லில் சாப்பறையையும் அடுத்த இல்லில் மணமுழவையும் ஒருசேரக் கேட்பது. உலகின் இயல்பு இன்னாதது என்பதற்கு அப்புலவர் இரு வீடுகளை அருகருகே நிறுத்திக் காட்டினார். ஹம்போல்டில் நிகழ்ந்தது அதனினும் கொடிது. இரு வீடுகளின் பறைகளும் மூன்று நாள்கழித்து இடம் மாறின. மகிழ்ந்த வீட்டுக்கு மற்றோர் வீட்டின் அழுகை வந்தது. அழுத வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியோ, அண்டை வீட்டின் இழப்பை அறிந்தபின் வாய்விட்டு மகிழ இடந்தராத மகிழ்ச்சி. சங்கப் புலவர் கண்ட உண்மையை இந்நிகழ்ச்சி ஒரு படி மேலே கொண்டு செல்கிறது எனலாம்.

வாயிலில் சாத்திய வளைகோல்

விபத்தை அடுத்த நாள்களில் கனடாவெங்கும் மக்கள் தம் வீட்டு வாயிலில் ஒரு வளைகோலைச் சாத்தி வைத்து, முகப்பு விளக்கை இரவெல்லாம் எரியவிட்டனர். ஆட்ட வருணனையாளர் ஒருவர் பகிர்ந்த படம் ஒன்றிலிருந்து பரவிய வழக்கம் அது. எங்கேனும் இருக்கும் அப்பிள்ளைகளுக்கு ஒரு கோல் தேவைப்படலாம் என்பதே அதன் உட்கருத்து. எவரும் ஆணையிடவில்லை, விழாக்குழு இல்லை. ஏப்ரல் 12ஆம் நாள் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் விளையாட்டுச் சட்டை அணிந்து வந்தனர். இணையவழித் திரட்டிய நிதி ஒன்றரைக் கோடி கனடிய டாலரைத் தாண்டிற்று.

ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மறைந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய பாடல் (புறம். 242) இறந்தவனைப் பற்றி நேரே பேசாமல் முல்லைப் பூவை நோக்கிப் பேசுகிறது. சூடுவோர் இல்லாத பூவே அங்குத் துயரின் வடிவம். எடுப்போர் இல்லாத வளைகோல் அதே இலக்கண வழிப்பட்டது. பொருள் அப்படியே இருக்க, அதற்குரியவன் மட்டும் இல்லாமற்போதல் என்பதே கையறுநிலையின் உயிர்நிலை. கனடிய மக்கள் தமிழ்ப் புறத்திணை பயின்றவர் அல்லர். துயர் எங்கும் இவ்வழியே நடக்கிறது போலும்.

இங்கு நடுகல்லும் எண்ணத்தக்கது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்கள் தமிழகத்து நடுகற்களின் விளைநிலம். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் அவை இன்றும் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் காணலாம். கல்லைக் காண்பது தொடங்கி வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் இதற்கு வகுத்தது. சிலப்பதிகார வஞ்சிக் காண்டம் தன் காதைப் பெயர்களில் ஐந்தை அவற்றின்வழியே அமைத்துக்கொண்டது. அரசனின் ஆட்சியாண்டு, கவரப்பட்ட ஆநிரை, மீட்டு மாண்டவன் பெயர் என்று சுருங்கச் சொல்வது நடுகற் கல்வெட்டின் இயல்பு. அச்சுருக்கத்திலும் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல், மகேந்திரவர்மன் காலத்தில், வீரனோடு நின்ற நாயின் பெயர் ‘கோவிவன்’ என்பதையும் பொறித்து வைத்தது. துணை நின்றது ஒன்றையும் விட்டுவிடலாகாது என்னும் கல்தச்சனின் நேர்மை அது.

ஹம்போல்ட் மக்களும் அவ்வாறே கணக்கிட்டனர். ‘பத்து ஆட்டக்காரர்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘பதினாறு பேர்’ என்றே சொன்னார்கள். குறிப்பேடு வைத்திருந்த இளைஞரும் பேருந்து ஓட்டுநரும் இலக்குக் காவலருக்கு ஈடாக அப்பட்டியலில் இடம்பெற்றனர். பிழைத்த பதின்மூவரையும் சேர்த்து ‘இருபத்தொன்பதின்மர்’ என்னும் எண்ணே அவ்வூரின் நினைவுச் சொல்லாயிற்று.

ஆறு உயிர்

இறந்தோருள் லோகன் பூலே 21 வயதினர். அவருக்கு முன்னர்ப் பயிற்சியளித்த ரிக் சகிட் 2017இல் மறைந்தபோது அவர்தம் உறுப்புகள் அறுவருக்குப் பயன்பட்டன. அதனால் தூண்டப்பெற்ற லோகன், தாமும் உறுப்புக் கொடைக்குப் பதிவு செய்திருந்தார். விபத்துக்குப்பின் அவர் உறுப்புகளும் அறுவரைச் சென்றடைந்தன. அச்செய்தி பரவிய சில வாரங்களில் கனடாவில் ஒன்றரை இலட்சம் பேர் வரை உறுப்புக் கொடைக்குப் பதிந்தனர் என்று மதிப்பிட்டுள்ளனர். ஏப்ரல் 7ஆம் நாள் அங்குப் ‘பச்சைச் சட்டை நாள்’ எனக் கொண்டாடப்படுகிறது.

தமிழகம் இதற்கு முன்பே இவ்வழியில் நடந்தது. 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து மருத்துவ இணையரின் 15 வயது மகன் ஹிதேந்திரன் இருசக்கர வண்டி விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவன் உறுப்புகளைக் கொடையளித்தனர். அவன் இதயம் ஒரு சிறுமிக்கு வைக்கப்பட்டது. மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்புகள் பெறும் அரசுத் திட்டம் அவ்வாண்டே இங்கு உருப்பெற்றது. உறுப்புக் கொடையளித்தோரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என 2023 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் அறிவித்தார். ஆநிரை மீட்டவனுக்குக் கல் நாட்டிய நாடு, உயிர் மீட்டவனுக்கு வணக்கம் செலுத்துகிறது. நடுகல்லின் ஆறாம் நிலையாகிய வாழ்த்து இன்னும் வழக்கொழியவில்லை என்பதற்கு இது சான்று.

லாரியை ஓட்டியவர்

இதுவரை சொன்னவற்றில் ஒருவர் விடுபட்டுள்ளார். பேருந்தில் இருபத்தொன்பதின்மர், சாலையிலோ முப்பதின்மர். முப்பதாமவர் லாரி ஓட்டுநர். அவருக்குப் பெருங்காயம் எதுவும் இல்லை.

அவர் இந்தியர், பஞ்சாபிலிருந்து சென்றவர், அன்று முப்பது வயதை நெருங்கியிருந்தார். வணிகவியல் படித்தவர். மணம் பேசிய பெண் கனடாவில் படிக்கப்போக, அவரும் 2014இல் அங்குச் சென்றார். கோதுமை நாட்டிலிருந்து கோதுமை நாட்டுக்கே போயும், ஓட்டியது வேற்றுச் சாலை. லாரிப் பணிக்குச் சேர்ந்தபின் உரிமையாளரோடு இரு வாரம் சென்று பழகி, பின்னர்த் தனியே அனுப்பப்பட்டார். அன்று அவர் மது அருந்தவில்லை, கைப்பேசியில் பேசவில்லை. பின்னால் இழுவைப் பெட்டியின்மேல் கட்டிய தார்ப்பாய் அவிழ்ந்து படபடத்தது. அதனைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வந்தவர், சந்திப்பை அறிவிக்கும் நான்கு பலகைகளையும், விளக்குச் சிமிட்டும் பெரிய ‘நில்’ பலகையையும் கடந்துவிட்டார்.

2019 சனவரியில் அவர் குற்றச்சாட்டுகள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டார்: இறப்பு விளைவித்தமைக்குப் பதினாறு, காயம் விளைவித்தமைக்குப் பதின்மூன்று. வழக்காடி அக்குடும்பங்களின் துயரை நீட்டிக்க விரும்பவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். மெல்போர்ட் ஊரில் ஓர் உடற்பயிற்சிக் கூடமே நீதிமன்றமாக மாற்றப்பட்டு, ஏறத்தாழத் தொண்ணூறு துயருரைகள் அங்குப் படிக்கப்பட்டன. அவர் எழுந்து, குடும்பத்தாரை நோக்கித் திரும்பி மன்னிப்புக் கேட்டார். மார்ச்சு 22ஆம் நாள் எட்டாண்டுச் சிறைத்தண்டனை வழங்கப்பெற்றது. குடியுரிமை பெறாதவர் ஆதலால், தண்டனையோடு நாடு கடத்தலும் தொடர்ந்தது. 2024 மே திங்களில் அதற்கான ஆணை பிறந்தது.

குடும்பங்கள் ஒருமனத்தவாய் இல்லை. பயிற்றுநரின் மனைவி அவரை மன்னித்தார். மகனை இழந்த தந்தை ஒருவர் மன்னித்ததோடு நில்லாமல் நாடு கடத்தலையும் எதிர்த்து எழுதினார். மன்னிக்க இயலாது எனக் கூறியோரும் பலர். அவர் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்றோரும் உளர். பிள்ளையை இழந்தவரிடம் மன்னிப்பைக் கடமையாகக் கேட்க எவர்க்கும் உரிமையில்லை. இருசாராரின் சொல்லும் துயரின் சொல்லே.

தமிழில் இதற்கு ஒரு பழங்கதை உண்டு. அரசிளங்குமரன் செலுத்திய தேரின் ஆழியில் ஆன்கன்று ஒன்று பாய்ந்து மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் மகனையும் தேர்க்காலில் இட்டான். கண்ணகி பாண்டியன் அவையில் இதனைக் குறிப்பிடுவதாகச் சிலப்பதிகாரம் கூறும், பெரியபுராணம் விரித்துரைக்கும். மாவட்ட ஆட்சியர் மனுப் பெறும் நாளுக்கு ‘மனுநீதி நாள்’ எனப் பெயர் வைக்கும் அளவுக்கு அக்கதை இந்நாட்டு நீதியின் உருவமாயிற்று. ஆயினும் அது ஒரு சாலை விபத்தின் கதை என்பதை எவரும் பேசுவதில்லை. கொல்லும் கருத்து இளவரசனுக்கு இல்லை. பெரியபுராணத்தில் இடையே ஓர் அமைச்சரும் வருகிறார்: இளவரசன்மீது தேரைச் செலுத்துமாறு ஏவப்பட்டவர், அதனைச் செய்ய ஆற்றாது தம்முயிரையே விட்டவர். சமன் செய்யப் புறப்பட்ட நீதி ஒரு புதிய சாவையும் உண்டாக்கிற்று. இறையருளால் எல்லோரும் உயிர்த்தெழுந்தனர் என்று புராணம் முடிகிறது. அருளால் எழுப்ப முடியாத சாலையில், எஞ்சியிருப்பவை குற்றமும் துயருமே. அவற்றை எடைபோடுவது நீதிமன்றத்தின் பணி. அவை மனித உள்ளத்தில் என்னாயின என்று பார்ப்பது கவிஞனின் பணி.

சாலையின் பங்கு

ஓட்டுநரின் குற்றம் மெய்யான குற்றம். அதனை அவரே மறுக்கவில்லை. ஆனால் அவர்மேல் மட்டும் கண்ணை நிறுத்தினால் வேறு பல மறைந்துபோகும். அதே சந்திப்பில் 1997இலும் ஒரு விபத்து நேர்ந்து ஆறு பேர் மாண்டிருந்தனர். கனரக வண்டி ஓட்டுவோர் கட்டாயப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்னும் விதி 2018இல் சஸ்காச்சுவானில் இல்லை. இவ்விபத்துக்குப் பின்னரே 2019 மார்ச்சு 15 முதல் 121.5 மணிநேரப் பயிற்சி அங்குக் கட்டாயமாயிற்று. புதிதாகக் கட்டப்படும் நெடுந்தொலைவுப் பேருந்துகளில் 2020 செப்டம்பர் முதல் இருக்கைப் பட்டை வேண்டும் எனக் கனடிய நடுவணரசு ஆணையிட்டது. லாரி நிறுவன உரிமையாளர் பணிநேரக் குறிப்பு முதலிய விதிகளை மீறியமைக்காக 5,000 டாலர் தண்டம் கட்டினார். ஓட்டியவருக்கு எட்டாண்டு, ஓட்ட அனுப்பியவருக்கு ஐயாயிரம் டாலர். இவ்விரு எண்களும் அருகருகே நின்று சொல்லும் செய்தி கவிஞர் செவிக்குத் தப்பாது.

இது அயல்நாட்டுச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. நடுவணரசின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். விபத்து எண்ணிக்கையில் 64,105 என நாட்டிலேயே முதலிடத்தில் நின்றது தமிழ்நாடு. அவ்வாண்டு இங்கு இறந்தோர் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 49 பேர். கனடா ஒரு பேருந்துக்காக ஆண்டுக்கணக்கில் அழுதது; இங்கே அதனைப்போல் மும்மடங்கு நாள்தோறும் நிகழ்ந்து, மறுநாள் காலை தேநீர்க்கடைச் செய்தித்தாளோடு மடிந்துபோகிறது. தொப்பூர்க் கணவாயில் தடையிழந்து இறங்கிய லாரிகளைப் பற்றி இப்பகுதியார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. எண்ணிக்கை பெருகப் பெருக இரக்கம் தேய்கிறது. அத்தேய்வைத் தடுக்கும் ஆற்றல் புள்ளிவிவரத்துக்கு இல்லை; ஒரு முகத்தையும் ஒரு பெயரையும் நிறுத்திக்காட்டும் பாட்டுக்கு உண்டு.

நிறைவுரை

அப்பருவம் என்னவாயிற்று? நிப்பாவின் அணி இறுதிப் போட்டியில் ஆடி, அவ்வாண்டு வாகை சூடியது. நடக்காத ஐந்தாம் ஆட்டத்தின் நிழல் அவ்வெற்றியின்மேல் என்றும் விழுந்துகிடக்கும். எதிரணி வாராத களத்தில் வென்றோமா என்னும் வினாவைச் சுமப்பதும் ஒருவகைத் துயரே. 2018 செப்டம்பர் 12ஆம் நாள் ஹம்போல்டில் புதிய பருவம் தொடங்கியது. எதிரே வந்தது அதே நிப்பாவின் அணி. பிழைத்தவருள் இருவர் மீண்டும் ஹம்போல்ட் சட்டை அணிந்து களத்தில் இறங்கினர். ஹம்போல்ட் ஒன்றுக்கு இரண்டு என்னும் கணக்கில் தோற்றது. ஆட்டம் முடிந்தபின் இருபத்தொன்பதின்மர் பெயர்களும் அரங்கின் மேற்கூரைக்கு ஏற்றப்பட்டன. அரங்கத்தில் எவரும் அத்தோல்வியைத் தோல்வியாகக் கருதியிருக்கமாட்டார்.

மார்புக்குக் கீழே உணர்விழந்த ரயன் ஸ்ட்ராஷ்னிட்ஸ்கி, சறுக்குப் பலகையில் அமர்ந்து ஆடும் ஹாக்கியைக் கற்றுக்கொண்டார். இலக்குக் காவலராக இருந்து கால்களின் இயக்கத்தை இழந்த ஜேக்கப் வாசர்மன், 2024இல் பாரிசு மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் கனடாவுக்காகத் துடுப்புப் படகு ஓட்டினார். உறைந்த நீரில் நின்று காத்தவர் உறையாத நீரில் முன்னேறினார். பருவம் மாறியது, நீர் அவரைக் கைவிடவில்லை.

முப்பதாமவருக்கு மட்டும் அடுத்த பருவம் எது என்பது அவர் கையில் இல்லை. இறந்தோர் பட்டியலில் அவர் பெயர் இல்லை, இருக்கவும் கூடாது. மீண்டவர் பட்டியலிலும் இல்லை. நடுகல்லுக்கு உரியவர் அல்லர். ஆயினும் அக்கல்லின் எடையை உயிருள்ள மட்டும் சுமப்பவர். தமிழ்ப் புறத்திணை இவருக்கெனத் துறை வகுக்கவில்லை. வேலும் வாளும் மோதிய காலத்தில், கருதாமல் கொன்றவன் என்னும் மாந்தன் அரிது. சக்கரத்தின் காலத்தில் அவன் எங்கும் உளன். தேநீருக்காகச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, சக்கரங்களைக் காலால் தட்டிப் பார்க்கும் ஒவ்வோர் ஓட்டுநரும் அப்படி ஆகிவிடாதிருக்கும் அச்சத்தோடுதான் மீண்டும் ஏறுகிறார். அவ்வச்சம் பாடுபொருள்.

லாரி செய்யும் ஊரில், லாரி போகும் சாலையோரத்தில் கூடிப் பத்தாண்டு தமிழ் வளர்த்தது இவ்வட்டம். பழைய துறைகளைக் காப்பதோடு, விடுபட்ட துறை ஒன்றை உண்டாக்கும் உரிமையும் அதற்கு உண்டு. ஏரிக்கரைக் கற்களில் மாண்டவன் பெயரை வெட்டிய தச்சன் இம்மண்ணின் முன்னோன். மாண்டவனைப் பாடி, அவனுக்குத் துணை நின்றவனைப் பாடி, வண்டியை ஓட்டியவனையும் ஒரு வரியில் நிறுத்திப் பார்க்கும் பாட்டு ஒன்று அடுத்த பத்தாண்டில் இவ்வட்டத்திலிருந்து எழுமாயின், ஹம்போல்டின் வாயில்களில் சாத்தி வைத்த வளைகோல்களுக்கு ஓசூர் செலுத்தும் வணக்கமாக அது அமையும்.